பால் பண்ணைக் கழிவின் செலவு யாருடையது?

நம் நாட்டு உழவர் ஒருவரிடம் சென்று, "ஐயா, உம்முடைய மாடு இடும் சாணத்தை அப்புறப்படுத்துவதற்கு நீர் பணம் கொடுக்க வேண்டும்" என்று கூறினால், அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணுவார். சாணம் நம்மவர்க்குச் செல்வம். அது வயலுக்கு எரு, அடுப்புக்கு வறட்டி, வாசலுக்கு மெழுக்கு. எருக்குழி நிறைந்த வீட்டை வளமுள்ள வீடு என்றே நம் முன்னோர் மதித்தனர். அங்ஙனமிருக்க, உலகில் பால் வளத்துக்குப் பேர்போன ஒரு நாட்டில், சாணத்தை ஏற்றிச் செல்லும் லாரிக்குப் பண்ணைக்காரர் கூலியும் கொடுத்து, ஏற்றுக்கொள்கிறவருக்கு மேற்கொண்டு பணமும் கொடுக்கிறார். செல்வம் எவ்வாறு சுமையாயிற்று? அச்சுமையை இறக்கச் செய்யப்பட்ட சட்டங்களின் செலவு எவ்வளவு? அச்செலவை யார் தாங்குவது நியாயம்? இம்மூன்று வினாக்களையும் இன்று சற்றே ஆராய்வோம்.

நான் குறிப்பிட்ட நாடு நெதர்லாந்து. நம்மவர் வழக்கில் ஹாலந்து. அதன் பரப்பு தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. அச்சிறு நிலத்தில் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களோடு சுமார் பதினாறு லட்சம் கறவை மாடுகளும் வாழ்கின்றன. ஆண்டொன்றுக்கு அவை தரும் பால் சுமார் 1,400 கோடி கிலோ. அதில் பெரும்பகுதி பாலாடைக் கட்டியாகவும் வெண்ணெயாகவும் பால்பொடியாகவும் பிற நாடுகளுக்குச் செல்கிறது. இவ்வளவு பால் தரும் மாடுகளுக்கு அந்நாட்டுப் புல் மட்டும் போதாது. தென்னமெரிக்காவின் சோயா மொச்சையும் பிற நாடுகளின் தானியமும் ராட்டர்டாம் துறைமுகத்தின் வழியாகக் கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. தீவனத்தில் உள்ள நைட்ரஜன் சத்திலும் பாஸ்பரஸ் சத்திலும் ஒரு சிறு பகுதியே பாலாக மாறுகிறது; எஞ்சியது சாணமாகவும் சிறுநீராகவும் வெளியேறுகிறது. பால் கப்பலேறிப் போய்விடுகிறது. சாணம் அங்கேயே தங்கிவிடுகிறது. தீவனம் விளைந்த பிரேசில் நாட்டு வயலுக்கு அச்சத்து திரும்பிச் செல்வதில்லை. உள்ளூர்ப் புல்லைத் தின்று உள்ளூர் நிலத்துக்கே எரு இடும் மாடு ஒரு வட்டத்தை நிறைவு செய்கிறது. கடல் கடந்து வந்த தீவனத்தைத் தின்னும் மாடோ அவ்வட்டத்தை அறுத்துவிடுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. எருவும் அத்தகையதே. பயிர் உண்ணும் அளவுக்கு உட்பட்ட சாணம் உரம். அதற்கு மேற்பட்ட சாணம் கழிவு. பொருள் ஒன்றே, நிலத்துக்கும் அதற்கும் உள்ள விகிதமே அதன் பெயரை மாற்றுகிறது.

அளவு எத்தகையது என்பதைக் காண்போம். நிறையப் பால் கறக்கும் மேனாட்டுப் பசு ஒன்று நாளொன்றுக்கு அறுபது எழுபது கிலோ வரை சாணமும் சிறுநீரும் வெளியிடுகிறது. அவ்விரண்டும் கலந்த குழம்பை, ஒரு பசுவுக்கு ஆண்டுக்கு இருபத்தைந்து டன் என்று கணக்கிடலாம். எண்பது பசுக்கள் உள்ள நடுத்தரப் பண்ணை ஒன்றில் ஆண்டுக்கு இரண்டாயிரம் டன் சேர்ந்துவிடும்.

மிகையான எருவினால் விளையும் தீமைகள் மூன்று வழிகளில் வருகின்றன. முதலாவது நீர். பயிர் உண்ணாத நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி மழைநீரோடு மண்ணுள் இறங்குகிறது. நெதர்லாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் மணற்பாங்கான நிலம் மிகுதி. அதன் வழியே நைட்ரேட் விரைவில் நிலத்தடி நீரை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது ஐரோப்பிய விதி. இரண்டாவது, பாஸ்பேட். இது மண்ணிலேயே சேர்ந்து சேர்ந்து, பின்னர் வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் கலந்து, பாசியை வளர்க்கிறது. பாசி அழுகும்போது நீரின் உயிர்வளி குன்றி மீன் மடிகிறது.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. சாணமும் சிறுநீரும் ஒன்று கலக்கும்போது அம்மோனியா என்னும் ஆவி எழுகிறது. அது காற்றில் சென்று காடுகளிலும் புதர் நிலங்களிலும் படிகிறது. ஆலைகளும் வாகனங்களும் வெளியிடும் அமில வாயுக்களோடு சேர்ந்து மண்ணைப் புளிக்கச் செய்கிறது. இதன் விளைவு எத்துணை நுட்பமானது என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாம். அந்நாட்டுக் காடுகளில் பட்டாணிக் குருவியின் முட்டைகள் ஓடு மெலிந்து உடைந்துபோவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். காரணம் தேடியபோது, மண் புளித்ததால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது என்றும், சுண்ணாம்பு இல்லாததால் நத்தைகள் அருகின என்றும், நத்தை ஓட்டைத் தின்று முட்டைக்கு ஓடு சேர்க்கும் குருவிக்கு அந்த ஓடு கிடைக்காமற் போயிற்று என்றும் தெரிந்தது. இவ்வாராய்ச்சி 1994-இல் வெளியாயிற்று. இத்தீமைக்குப் பண்ணை மட்டுமே காரணமன்று. ஆயினும் பண்ணைக்கும் அதில் பங்கு உண்டு.

நேயர்களே, இக்குருவியின் முட்டை உடைந்ததும் ஒரு செலவுதான். குடிநீர் நிலையம் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கக் கருவி அமைப்பதும் ஒரு செலவுதான். ஆனால் இவை பண்ணையின் வரவு செலவுக் கணக்கில் இடம்பெறவில்லை. கணக்கில் வராத செலவு, செலவே இல்லாததுபோல் தோற்றம் அளிக்கிறது. சட்டம் புதிதாக ஒரு செலவை உண்டாக்குகிறது என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில், முன்பே இருந்து வேறு யாரோ சுமந்துகொண்டிருந்த செலவில் பெரும்பகுதியைச் சட்டம் இடம் மாற்றுகிறது. ஆற்றின் கணக்கில் இருந்ததைப் பண்ணையின் கணக்கில் எழுதுகிறது. இதனை மனத்திற் கொண்டால், பின்னர் வரும் செய்திகளின் நியாய அநியாயங்களைத் தெளிவாகக் காணலாம்.

இனிச் சட்டங்களின் வரலாற்றுக்கு வருவோம். 1984-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சமூகம் பால் உற்பத்திக்கு உச்சவரம்பு விதித்தது. அதன் நோக்கம் சந்தையில் தேங்கிய வெண்ணெயைக் குறைப்பதே. எனினும் மாடுகளின் பெருக்கத்துக்கு அது ஒரு தடையாக அமைந்தது. எரு பற்றிய தனிச்சட்டம் 1987-இல் நடைமுறைக்கு வந்தது. 1991-இல் ஐரோப்பியச் சமூகம் நைட்ரேட் நெறியைப் பிறப்பித்தது. அதன்படி பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில், ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு, அஃதாவது இரண்டரை ஏக்கருக்கு, கால்நடை எருவின் மூலம் ஆண்டுக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் இடலாகாது. நெதர்லாந்தோ தன்னிடம் புல் வளரும் காலம் நீண்டது, புல் அதிகச் சத்தை உண்ணும் என்று வாதிட்டு, 2006 முதல் புல்வெளி மிகுந்த பண்ணைகளுக்கு 250 கிலோ வரை சலுகை பெற்றது.

இவற்றோடு வேறு பல கட்டளைகளும் வந்தன. எருக்குழம்பை நிலத்தின் மேல் வாரி இறைத்தல் 1990-களின் முற்பகுதியில் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது. அதனை மண்ணைக் கீறி உள்ளே செலுத்த வேண்டும். தொட்டிகளை மூடிவைக்க வேண்டும். குளிர்காலத்தில் பயிர் வளராது. ஆதலால் அப்போது எரு இடலாகாது. ஏழு மாத எருவைச் சேமித்துவைக்கும் தொட்டி ஒவ்வொரு பண்ணையிலும் இருத்தல் வேண்டும். இவற்றால் பயன் விளையவில்லை என்று எவரும் கூற இயலாது. 1990-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் அந்நாட்டின் அம்மோனியா வெளியீடு பாதிக்கும் கீழாகக் குறைந்திருக்கிறது. இதனைச் செய்தவர்கள் பண்ணைக்காரர்கள். தங்கள் பணத்தால் செய்தார்கள். அவர்களுக்கு உரிய பெருமையை நாம் மறுத்தலாகாது.

செலவு எவ்வாறு விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ஏழு மாத எருவைத் தேக்கும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் வடிவியல் படித்திருக்கிறீர்கள். ஒரு தொட்டியின் நீள அகல உயரங்களை இரு மடங்காக்கினால், அதன் சுவர்ப் பரப்பு நான்கு மடங்காகிறது; கொள்ளளவோ எட்டு மடங்காகிறது. சுவருக்குத்தான் சிமெண்டும் கம்பியும் வேண்டும். ஆகவே பெரிய தொட்டியில் ஒரு டன் எருவைச் சேமிக்க ஆகும் செலவு சிறிய தொட்டியில் ஆவதைவிடக் குறைவு. மண்ணுள் எருவைச் செலுத்தும் இயந்திரமும் அவ்வாறே. முந்நூறு மாடு வைத்திருப்பவருக்கும் நாற்பது மாடு வைத்திருப்பவருக்கும் இயந்திரத்தின் விலை ஒன்றுதான். கணக்கெழுதுதல், மாதிரி எடுத்துச் சோதித்தல், அனுமதி கோருதல் ஆகியவையும் இத்தன்மையனவே. எனவே எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட விதி எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. மாடொன்றுக்கு இவ்வளவு என்று பார்த்தால், சிறியவர்மீதே அதிகப் பளு விழுகிறது.

1980-களின் நடுவில் நெதர்லாந்தில் அறுபதாயிரம் அளவில் பால் பண்ணைகள் இருந்தன. இன்று சுமார் பதினைந்தாயிரம் இருக்கின்றன. இதற்கு விதிகளே காரணம் என்று சொல்லுவது பிழையாகும். கறவை இயந்திரமும், பால் விலையின் ஏற்றத்தாழ்வும், நகருக்குச் சென்ற பிள்ளைகளும் காரணம். ஆனால் சாய்ந்து நிற்கும் மரத்தின்மீது விழும் கடைசிக் காற்றுப்போல் விதிகளின் செலவும் அக்காரணங்களோடு சேர்ந்துகொண்டது என்பதை மறுக்க முடியாது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நாம் அமைத்துக்கொள்ளும் பண்ணை. எண்பது பசுக்கள், நாற்பது ஹெக்டேர் நிலம். கன்றுகளையும் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோ நைட்ரஜன் எருவாக வருகிறது என்று கொள்வோம். 250 கிலோ என்னும் சலுகை இருந்த வரையில், நாற்பது ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கிலோ. எல்லா எருவையும் தம் நிலத்திலேயே அவர் இட்டுக்கொண்டார். 2022-இல் ஐரோப்பிய ஆணையம் இச்சலுகையைப் படிப்படியாகக் குறைத்து, 2026-இல் 170 கிலோவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தது. அந்த அளவில் அவர் இடத்தக்கது 6,800 கிலோ மட்டுமே. எஞ்சிய 3,200 கிலோவை வெளியேற்ற வேண்டும். ஒரு டன் எருக்குழம்பில் நான்கு கிலோ நைட்ரஜன் உண்டு. ஆகவே 800 டன். இருபதுக்கும் மேற்பட்ட டாங்கர் லாரிகள். டன்னுக்கு இருபது யூரோ கொடுத்தால் ஆண்டுக்கு 16,000 யூரோ. இருபது யூரோவுக்கு மேலும் கொடுக்க நேர்ந்த ஆண்டு உண்டு.

இதில் இன்னொரு விந்தையும் இருக்கிறது. 170 கிலோ என்பது கால்நடை எருவுக்கு உரிய வரம்பு. புல்லுக்கு அதைவிட அதிகச் சத்து தேவை. ஆகவே சாணத்தை லாரியில் ஏற்றி அனுப்பும் அதே பண்ணைக்காரர், எஞ்சிய தேவைக்கு இரசாயன உரத்தை வேறொரு லாரியில் வரவழைக்கிறார். அவ்வுரம் எரிவாயுவைக் கொண்டு தொழிற்சாலையில் செய்யப்பட்டது. தம்மிடம் உள்ளதைப் பணம் கொடுத்து அனுப்பி, இல்லாததைப் பணம் கொடுத்து வாங்குகிறார். அதனால்தான் எருவிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து இரசாயன உரத்துக்கு ஈடாகப் பயன்படுத்த இடம் தர வேண்டும் என்று அவர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்திருக்கிறார்கள்.

அந்த 16,000 யூரோவை மறுபடியும் பாருங்கள். எண்பது பசுக்கள் ஆண்டுக்கு ஒவ்வொன்றும் 9,000 கிலோ வீதம் கறந்தால் 7,20,000 கிலோ பால். செலவைப் பாலால் வகுத்தால் கிலோவுக்கு இரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல். அஃதாவது ஒரு யூரோவில் ஐம்பதில் ஒரு பங்கு. பால் குடிப்பவர் அதனைக் கொடுத்தால் கொடுத்ததே அவருக்குத் தெரியாது. ஆனால் பண்ணைக்காரர் ஒருவரே கொடுத்தால், அது அவருடைய ஆண்டு வருமானத்தில் பெரியதொரு பகுதி. ஒரு குடும்பத்தின் ஊணும் பிள்ளைகளின் படிப்பும் வங்கிக் கடனின் தவணையும் அதனுள் அடங்கும். பலர் தோளில் இறகாக இருப்பது, ஒருவர் தலையில் பாறையாக விழுகிறது.

அப்படியானால் அவர் பாலின் விலையை உயர்த்திக்கொள்ளலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். அவரால் முடியாது. பாலின் விலையை அவர் நிர்ணயிப்பதில்லை. பால்பொடியும் வெண்ணெயும் உலகச் சந்தையில் விற்கின்றன. அங்கே நியூஸிலாந்தும் அயர்லாந்தும் அமெரிக்காவும் போட்டியிடுகின்றன. நெதர்லாந்தின் விதி நெதர்லாந்தில்தான் செல்லும்; விலையோ உலகெங்கும் செல்லும். செருப்புச் செய்பவருக்குத் தோல் விலை ஏறினால் செருப்பின் விலையை ஏற்றுவார். பால்காரருக்கோ செலவு ஏறினாலும் விலை ஏறுவதில்லை. இக்குழப்பத்தின் மையமே இதுதான்.

விதி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது 2015-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள், முப்பத்தோராண்டுக் காலம் இருந்த பால் உச்சவரம்பு நீக்கப்பட்டது. அது நீங்கப்போவது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பண்ணைக்காரர்கள் கடன் வாங்கிப் புதிய கொட்டில்கள் கட்டினார்கள், மாடுகளைப் பெருக்கினார்கள். ஆனால் ஐரோப்பியச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: நாடு முழுவதிலும் கால்நடை எருவின் பாஸ்பேட் ஆண்டுக்கு 17 கோடியே 29 லட்சம் கிலோவைத் தாண்டலாகாது. 2015-இல் அது சுமார் 18 கோடி ஆயிற்று. சலுகை பறிபோகும் நிலை. உடனே, அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் இருந்த மாடுகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு பண்ணைக்கும் பாஸ்பேட் உரிமை வழங்குவது என்று அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரி முதல் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. போதிய நிலம் இல்லாத பண்ணைகளுக்கு அதில் நூற்றுக்கு 8.3 வீதம் வெட்டப்பட்டது.

விளைவு என்ன? புதிய கொட்டிலைக் கட்டி முடித்து, மாடு வாங்க இருந்தவர்களில் பலர் பாதிக் கொட்டில் காலியாக நிற்கக் கடனைக் கட்ட வேண்டியவரானார்கள். பல்லாயிரம் மாடுகள் கறவை நின்றுபோகும் முன்பே இறைச்சிக்கு அனுப்பப்பட்டன. உரிமை விற்பனைப் பொருளாயிற்று. ஒரு பசுவுக்குச் சுமார் நாற்பது கிலோ பாஸ்பேட் உரிமை வேண்டும். கிலோ நூறு யூரோவுக்கு மேல் விற்ற காலத்தில், ஒரு பசுவை வைத்துக்கொள்ளும் உரிமைக்கு 4,000 யூரோவுக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. பசுவின் விலையோ அதில் பாதிகூட இல்லை. மாட்டை விட மாட்டின் உரிமைச் சீட்டு விலையுயர்ந்ததாயிற்று! பண்ணைத் தொழிலில் புதிதாகப் புக விரும்பும் இளைஞருக்கு இது எத்தகைய மதில் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி அதனினும் பெரிது. அரிய தாவரங்களும் பறவைகளும் வாழும் காப்பு நிலங்களின் அருகே புதிய பண்ணைக்கோ சாலைக்கோ அனுமதி தர, 2015-இல் நெதர்லாந்து ஒரு திட்டம் வகுத்தது. பிற்காலத்தில் நைட்ரஜன் குறையும் என்று எதிர்பார்த்து, அந்த எதிர்பார்ப்பையே வரவாக வைத்து, இன்று அனுமதி வழங்குவது அதன் முறை. வராத வருமானத்தை நம்பிச் செலவு செய்யும் குடும்பத்தைப் போன்றது அது. 2019 மே 29-ஆம் நாள் அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரே நாளில் அனுமதிகள் நின்றன. வீடுகளும் சாலைகளும் உட்படச் சுமார் 18,000 கட்டுமான வேலைகள் பாதிக்கப்பட்டன. பகலில் நெடுஞ்சாலைகளில் மோட்டார் வண்டிகளின் வேகம் 2020-இல் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2019 அக்டோபர் முதல் நாள் உழவர்கள் டிராக்டர்களில் திரண்டு ஹேக் நகருக்குச் சென்றனர். நாட்டின் சாலைகள் ஸ்தம்பித்தன.

2022-இல் அரசாங்கம், 2030-க்குள் நைட்ரஜன் வெளியீட்டைப் பாதியாகக் குறைக்கப்போவதாகவும், அதற்கு 2,430 கோடி யூரோ ஒதுக்கப்போவதாகவும் அறிவித்தது. வரைபடம் வெளியானதும் கிளர்ச்சி மூண்டது. 2019-இல் தோன்றிய உழவர் கட்சி ஒன்று 2023 மார்ச்சில் மாகாணத் தேர்தல்களில் முதலிடம் பெற்றது. 2024-இல் வந்த புதிய அரசாங்கம் அந்தப் பெருநிதியைக் கைவிட்டது. விரும்பி விலகும் பண்ணைகளை விலைக்கு வாங்க 147 கோடி யூரோத் திட்டம் ஒன்றுக்கு ஐரோப்பிய ஆணையம் 2023-இல் ஒப்புதல் அளித்தது. விலகுபவர் வேறோரிடத்தில் அதே தொழிலை மீண்டும் தொடங்கலாகாது என்பது அதன் நிபந்தனை. தந்தையும் பாட்டனும் செய்த தொழிலை விட்டு விலகுவதற்கு விலை எவ்வளவு என்று கணக்கிட எந்தக் கணக்கரால் முடியும்?

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினைகள் யாவை?

முதலாவது, தள்ளிப்போடப்பட்ட செலவு வட்டியோடு திரும்பி வருகிறது. 1980-களிலேயே எருவுக்கும் நிலத்துக்கும் உரிய விகிதத்தை உறுதியாகப் பிடித்திருந்தால், கொட்டில்கள் கடன் பட்டு எழுந்திரா. பின்னர் அவற்றை விலைக்கு வாங்கி மூடவும் வேண்டியிராது. மென்மையான விதி உழவருக்கு நன்மை என்று அன்று கருதினர். அது நன்மையன்று, அது கடன். அக்கடனை வாங்கியது ஒரு தலைமுறை. அடைப்பது மற்றொரு தலைமுறை.

இரண்டாவது, விதி நிலையானதாக இருத்தல் வேண்டும். பண்ணைக்காரர் கட்டும் கொட்டில் இருபது முப்பது ஆண்டு நிற்க வேண்டியது. அரசாங்கத்தின் விதியோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. நெதர்லாந்து 1998-இல் ஒரு நல்ல முறையைக் கொண்டுவந்தது. பண்ணைக்குள் வரும் சத்தையும் வெளியே செல்லும் சத்தையும் கணக்கெழுதி, மிகைக்குக் கட்டணம் விதிக்கும் முறை அது. அதன் கீழ்ப் பால் பண்ணைகளில் மிகை குறைந்தது. ஆனால் அது நைட்ரேட் நெறிக்கு இணங்கியதன்று என்று 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-இல் வேறு முறை வந்தது. கற்றுக்கொண்ட பாடத்தை மறந்து புதிய பாடத்தைக் கற்கும் செலவும் பண்ணைக்காரருடையதே.

மூன்றாவது, கருவியை வாங்கச் சொல்வதைவிட விளைவை அளந்து கேட்பதே மேல். அம்மோனியாவைக் குறைக்கும் என்று சான்றளிக்கப்பட்ட விலையுயர்ந்த கொட்டில் தளங்களைப் பலர் அமைத்தனர். நடைமுறையில் அவை சொன்ன அளவு குறைக்கின்றன என்பது உறுதியாகவில்லை என்று 2022-இல் அந்நாட்டு நீதிமன்றம் கூறியது. விதியைக் கைக்கொண்டவரும் ஏமாற்றம் அடைந்தார். காடும் பயன் பெறவில்லை.

நான்காவதும் முதன்மையானதும் யாதெனில், செலவைப் பங்கிட வேண்டும். தூய நீரை எல்லோரும் குடிக்கிறோம். பாலை எல்லோரும் பருகுகிறோம். மலிவான பால் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். அப்படியிருக்க, தூய்மையின் விலையைப் பால் கறப்பவர் ஒருவரே கொடுக்க வேண்டும் என்பது நியாயமாகாது. அழுக்கு செய்தவரே கூலி கொடுக்க வேண்டும் என்னும் நெறி நல்ல நெறிதான். ஆனால் அழுக்கு செய்தவர் யார்? மாட்டை வைத்திருந்தவர் மட்டுமா? பெருக்கச் சொல்லி ஊக்குவித்த அரசாங்கமும், கடன் கொடுத்த வங்கியும், தீவனம் விற்ற வணிகரும், மலிவாக வாங்கிய நாமும் அதில் சேரவில்லையா?

இது தொலைவில் உள்ள ஒரு நாட்டின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று உலகில் மிகுதியான பாலைத் தருவது இந்தியா. நம் கிராமங்களில் ஓரிரு மாடு வைத்திருப்போரின் வட்டம் இன்னும் அறுபடவில்லை. அங்கே சாணம் செல்வமாகவே இருக்கிறது. ஆனால் வயலே இல்லாத நகரத்துத் தொழுவங்களில் சாணம் சாக்கடையில் கலக்கும்போது, ஹாலந்தின் கணக்கு நம் தெருவிலும் தொடங்கிவிடுகிறது. 2020-இல் நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது இதனால்தான். நமக்குக் காலம் இருக்கிறது. கொட்டில் கட்டுமுன் நிலத்தை அளந்து பார்க்கும் காலம் அது.

மாணவ நேயர்களே, உங்களுள் சிலர் நாளை பொருளாதாரம் பயில்வீர்கள். சிலர் கால்நடை மருத்துவம் பயில்வீர்கள். சிலர் சட்டம் இயற்றும் மன்றங்களில் அமர்வீர்கள். ஒரு விதியின் செலவு என்ன என்று கேட்கும்போது, அவ்விதி இல்லாதிருந்தால் அச்செலவை யார் சுமந்திருப்பார் என்பதையும் உடன் கேளுங்கள். நீரைக் காக்கும் சட்டம் வேண்டும் என்று சொல்லும்போது, அதற்காக எந்தக் குடும்பத்தின் கொட்டில் காலியாகும் என்பதையும் உடன் கேளுங்கள். இவ்விரு கேள்விகளில் ஒன்றை மட்டும் கேட்பவர் பாதிக் கணக்கே போட்டவராவார். இரண்டையும் கேட்டு, விடையைத் தாமதமின்றித் தேடுவீர்களாயின், நீரும் தூயதாகும். பால் கறப்பவரின் வீட்டிலும் விளக்கு எரியும்.